தொப்பூர் வழியாக வரும் மகனுக்கு

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் கவிதாவும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறோம். அம்மாவின் முட்டிவலி முன்பைவிடத் தேவலை. சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா தை மாதத்திற்குத் தள்ளிப் போயிருக்கிறது. மற்றச் செய்திகளை ஞாயிற்றுக்கிழமை அம்மாவே சொல்வாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு காரணத்துக்காக. தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்றால், நான் கூப்பிடும்போதெல்லாம் நீ வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறாய். பின்னால் ஹாரன் சத்தம் கேட்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவனிடம் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரியம்மா பேத்தியின் காதுகுத்துக்கு நீ வந்திருந்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். பெங்களூரிலிருந்து நாமக்கல்லுக்கு மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டான் என்று பெரியப்பா சொல்ல, சுற்றி இருந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். மகனை நாலு பேர் புகழும்போது எந்தத் தகப்பனுக்கும் மனம் குளிரும், எனக்கும் குளிர்ந்தது. ஆனால் இலையில் இருந்ததை நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் கணக்கு தானாக மனதில் ஓடிவிட்டது. தூரம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஓசூர் தாண்டும்வரை சாலை எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். சுங்கச்சாவடிகள் இருக்கின்றன, தொப்பூர் இறக்கம் இருக்கிறது, சேலத்தைச் சுற்றி வரவேண்டும். இத்தனையும் கழித்து மூன்று மணி நேரத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான் என்றால், மிச்சமிருந்த நல்ல சாலையில் அவன் என்ன வேகத்தில் வந்திருப்பான் என்பதை, வாழ்நாளெல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் ஜனங்களிடம் ஒரு குணம் இருக்கிறது. வண்டி வாங்கப் போனால் முதல் கேள்வியே மைலேஜ் எவ்வளவு தரும் என்பதுதான். 2021-இல் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது டீக்கடையில் பேசாதவர்களே இல்லை, நானும் பேசினேன். ஆனால் அப்படிப் பேசிவிட்டு எழுந்து வண்டியை எடுத்தவர்களில் ஒருவராவது காலை லேசாக்கி ஓட்டியதை நான் பார்த்ததில்லை. மைலேஜ் என்பது வண்டி தரவேண்டியது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்; அதில் பெரும்பகுதி ஓட்டுபவனின் காலில்தான் இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. அப்படி நினைத்து ஒருவன் நிதானமாக ஓட்டினால் அவனைக் கஞ்சன் என்கிறார்கள், வண்டியை உருட்டுகிறான் என்கிறார்கள். உன் நண்பர்களை ஏற்றிக்கொண்டு நான் ஏற்காட்டிற்கு ஓட்டிப் போன அன்று, பின்சீட்டில் அவர்கள் அப்படித்தான் பேசிச் சிரித்தார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

எங்கள் டிப்போவில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கே.எம்.பி.எல். கணக்கு உண்டு, சின்ன வயதில் அங்கே வந்தபோது நீயே பார்த்திருப்பாய். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினான் என்பது பெயருக்கு நேராக எழுதியிருக்கும். அதே பஸ், அதே தடம், அதே கூட்டம், ஆனாலும் இரண்டு ஓட்டுநர்களுக்கு இடையில் அரை கிலோமீட்டர் வித்தியாசம் வரும். நாளுக்கு 400 கிலோமீட்டர் ஓடும் பஸ், லிட்டருக்கு ஐந்து கொடுத்தால் 80 லிட்டர் குடிக்கும். ஐந்தரை கொடுத்தால் ஏழு லிட்டர் மிச்சம். புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் மீட்டரைப் பார்க்கச் சொல்லமாட்டேன், கண்டக்டரைப் பார்க்கச் சொல்வேன். கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கைகளாலும் டிக்கெட் கிழித்துச் சில்லறை எண்ணிக் கொடுக்க அவரால் முடிகிறது என்றால், நீ சரியாக ஓட்டுகிறாய் என்று அர்த்தம். நிறுத்தம் தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், கியரிலேயே வண்டி தானாக வேகம் குறைந்து வரவேண்டும், கடைசியில் பிரேக்குக்கு வேலை கொஞ்சம்தான் இருக்கவேண்டும். டீசல் எரித்துச் சேர்த்த வேகத்தைத்தான் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் நாம் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். முன்னால் போகிற வண்டியின் வால் வரைக்கும் அழுத்திக்கொண்டு போய் அங்கே பிரேக் மிதிப்பவனுக்கு எந்தக் கம்பெனி வண்டியும் மைலேஜ் தராது.

அந்த நாளிலேயே பயணிகள் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவார்கள். தனியார் பஸ் முந்திக்கொண்டு போனால், நீங்களும் விரட்டுங்கள் என்பார்கள். அடுத்த ஊரில் இறங்கி அந்தப் பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். அதே பஸ் எங்கேயாவது மோதிவிட்டால் மறுநாள் பேப்பரைப் படித்துவிட்டு, பேய் மாதிரி ஓட்டியிருக்கிறான் என்று டிரைவரைத் திட்டுவார்களே தவிர, விரட்டச் சொன்னது யார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

நீ பொறியியல் படித்தவன், உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். காரை எதிர்த்து நிற்கும் காற்று, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-இல் போகும்போது இருந்த எதிர்ப்பு 100-இல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, 120-இல் இரண்டேகால் மடங்கு. அந்தக் கூடுதல் எல்லாவற்றுக்கும் டேங்கிலிருந்துதான் கூலி கொடுக்கவேண்டும். அடுத்த வருஷம் மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று நீ சொன்னாய். அந்தக் காரையும் இதே காற்றுதான் எதிர்க்கும். 120-இல் ஓட்டினால் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்து, கிருஷ்ணகிரியில் நிறுத்திக் காத்திருக்க நேரும். பிரேக் போட்டு நிற்கும் தூரமும் அப்படித்தான் கூடும்: 60-இல் நிற்கும் தூரத்தைப்போல் நான்கு மடங்கு 120-இல் வேண்டும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 33 மீட்டர் போகிறது. போனைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தும் நேரம் அது. மணி மாமா விஷயத்தை நான் எழுதவேண்டியதில்லை.

நிதானம் என்று நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வலது ஓரத்தில் 50-இல் போய்க்கொண்டு எல்லோரையும் இடப்பக்கமாக முந்த வைப்பதும் ஆபத்துதான். மைலேஜுக்காகச் செய்யும் எல்லாமே நல்ல பழக்கம் ஆகிவிடாது. நீ வரும் வழியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில், டீசல் மிச்சம் பிடிக்கவேண்டும் என்று லாரிகளை நியூட்ரலில் விட்டு இறக்கும் பழக்கம் நம் பக்கத்து ஆட்களிடமே இருக்கிறது. கியர் இல்லாத வண்டியை இன்ஜின் இழுத்துப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும், லைனர் சூடேறும், இரட்டைப் பாலம் வருவதற்குள் பிரேக் பிடிக்காமல் போகும். 2020 டிசம்பரில், முன்னால் நடந்த ஒரு விபத்தால் வரிசையாக நின்றுகொண்டிருந்த கார்களின் மேல் சிமெண்ட் லாரி மோதி நான்கு பேர் இறந்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா, நீ தொப்பூரைத் தாண்டும்வரை விளக்கு முன்னால் உட்காரத் தொடங்கினாள். உன் காரைப்போல மின்னணு முறையில் பெட்ரோல் பாயும் வண்டிகளில் நியூட்ரலால் மிச்சமும் இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த இறக்கத்தில் கியரிலேயே வா, லாரிகளுக்கு முன்னால் புகாதே, பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இரு.

சாலை நன்றாக இருக்கிறது, வண்டி நன்றாக இருக்கிறது, பிறகு எதற்கு வேகக் கட்டுப்பாடு என்று நீ கேட்பாய். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு விரைவுச் சாலையில் கார்களுக்கு 120, நான்கு வழிச் சாலையில் 100 என்று வரம்பை உயர்த்தியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. சாலை ஒழுங்கும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் வேகத்தை மட்டும் கூட்டிவிடக்கூடாது என்று நினைக்கும் எனக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகவே பட்டது. ஆனால் இங்கே பேசியவர்களில் பலர், நீதிபதிகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றார்கள். உங்கள் கர்நாடகத்திலும் 2024 ஆகஸ்ட் 1 முதல் 130-ஐத் தாண்டினால் அபராதத்தோடு விடாமல் வழக்கே பதிவு செய்கிறார்கள். அதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த வழி, கேமரா இருக்கும் இடத்தைப் போன் சொன்னதும் பிரேக் மிதித்து, தாண்டியதும் மறுபடி அழுத்துவது. எதிரில் வருபவர்கள் விளக்கை அடித்துக் காட்டி, முன்னால் போலீஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் உதவி வேறு செய்துகொள்கிறார்கள். உயிரைக் காப்பாற்ற வைத்த கேமராவிடமிருந்து தப்பிக்க இத்தனை ஒற்றுமையா என்று எனக்கு மனம் கசந்துபோகிறது. 2022-இல் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அதிவேகத்தால் இறந்ததாக மத்திய அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. அந்த ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

இதையெல்லாம் இன்று திடீரென்று ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். வண்டி அம்மா பெயரில் இருக்கிறது, பதிவில் கொடுத்திருப்பது என் கைப்பேசி எண். அதிவேகம் என்று குறிப்பிட்டு வரும் சலான் செய்தி எல்லாம் எனக்குத்தான் வருகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. வந்ததையெல்லாம் கட்டிவிட்டேன், பணத்தை நீ அனுப்பவேண்டாம். அந்தச் செய்திகளில் நேரமும் இருக்கிறது. அதில் ஒன்று இரவு ஒன்றரை மணி.

இன்னொன்றையும் கேட்க நினைத்தேன், கேட்கத் தெரியவில்லை. தீபாவளிக்குக் கவிதா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயிலில் வந்தாள், நீ பின்னால் காரில் வந்தாய். லீவு கிடைக்கவில்லை என்றீர்கள், அம்மா நம்பிவிட்டாள். நான் சேலம் ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை அழைத்துவரும்போது, முன்சீட்டில் உட்கார்ந்த கவிதா, மல்லூர் வரைக்கும் கதவின் மேல் கைப்பிடியை விடவே இல்லை. நான் 60-இல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை, அவளிடம் நீயும் எதுவும் கேட்கவேண்டாம். அப்பா எழுதியதாகவும் சொல்லவேண்டாம்.

ஓமலூர் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டிய அன்று, ஒருமுறைகூட இன்ஜின் நிற்காமல், கிளட்சை அத்தனை பதமாக விட்டு ஓட்டினாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர், யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். எங்கள் டிப்போ பையன்களில்கூட அந்தக் கால் ஒரு சிலருக்குத்தான் வாய்த்தது. உனக்கு ஓட்டத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தெரிந்தவன் இப்படி ஓட்டுவதுதான் எனக்கு வருத்தம்.

பொங்கலுக்கு வரும்போது விடியற்காலையில் கிளம்பு, இரவில் வேண்டாம். எத்தனை மணிக்கு வந்து சேருவாய் என்று அம்மா கேட்கமாட்டாள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். 100-இல் வருவதற்கும் 80-இல் வருவதற்கும் இந்த 250 கிலோமீட்டரில் முக்கால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அந்த நேரத்துக்குச் சாப்பாடு ஆறாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மேலே கேரியர் கட்டியிருந்தால் கழற்றிவிடு, அது சும்மா இருந்தாலும் காற்றைப் பிடித்துப் பெட்ரோலைத் தின்னும். டயரில் காற்று குறைந்திருந்தாலும் மைலேஜ் போகும், அதிக வேகத்தில் டயரும் வெடிக்கும். ஆகவே கிளம்புவதற்கு முன், வண்டி ஓடிச் சூடாவதற்குள், நாலு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்றுப் பார்த்துவிடு. போன் பேசவேண்டும் என்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசு, நான் கூப்பிட்டாலும் எடுக்காதே.

கவிதாவையும் பாப்பாவையும் இந்த முறை காரிலேயே அழைத்து வா. அவர்கள் தூங்கிக்கொண்டே வரும்படி ஓட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: டயர் காற்றை மறந்துவிடாதே.