கல்வெட்டில் வெண்கட்டி பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மங்கிய கல்வெட்டைக் கண்டால் எழுத்தின் மேல் வெண்கட்டியை இழுத்துவிட்டுப் படம் பிடிப்பது நம்மவர்களிடம் ஊறிப்போன பழக்கம். பிறகு படத்தில் தெரிவது வெண்கட்டி பிடித்தவரின் ஊகம்தான். ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடித்து மைப்படி எடுப்பது நல்ல முறையே. ஆனால் உப்புக்காற்றில் உதிரத் தொடங்கிய கல்லில் ஒவ்வொரு அடிக்கும் சில கல்மணிகள் தாளோடு போய்விடும். திருகோணமலை பிரெட்றிக் கோட்டை வாசலில் இணைக்கயல் என்ற இரட்டை மீன் சின்னத்தோடு நிற்கும், குளக்கோட்டன் மன்னனைப் பற்றிய கல்வெட்டு போன்றவற்றைக் கல்லைத் தொடாமல் லேசரால் அளந்து வைப்பதே சரி.

வேலை செய்யும் விதம் எளிது. கருவி கல்லின் மேல் ஒரு மெல்லிய ஒளிக்கோட்டை வீசும். பக்கவாட்டில் சாய்ந்த கமரா அதைப் பார்க்கும். எழுத்தின் பள்ளத்தில் கோடு வளையும். வளைந்த அளவிலிருந்து ஆழம் கணக்கிடப்படும். உடைந்த இயந்திரப் பாகங்களை அளப்பதும் இதே கருவியால்தான்.

பலர் தவறுவது கருவியைத் தெரிவதில். முக்காலியில் நின்று கோட்டை முழுவதையும் அளக்கும் பெரிய ஸ்கேனர், ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் காண்பது. அதில் 2 மில்லிமீற்றர் பிழை சாதாரணம். எழுத்தின் ஆழமே 2, 3 மில்லிமீற்றர்தான் என்றால் எதை வாசிப்பது? சுமார் 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிக்கும் கைக்கருவிதான் வேண்டும். நல்லதில் பிழை 0.05 மில்லிமீற்றருக்குள் நிற்கும். அளக்கும் புள்ளிகளுக்கு இடையே 0.2 மில்லிமீற்றர் இடைவெளி போதும். 1 மீற்றருக்கு அரை மீற்றர் கல்லில் அதுவே 1 கோடியே 25 இலட்சம் புள்ளிகள்.

வெயிலில் ஒளிக்கோடு கரைந்துவிடும். பொழுது சாய்ந்தபின் தொடங்குங்கள். மழை பெய்திருந்தால் கல் நன்றாக உலரட்டும், ஈரக்கல் ஒளியைக் கண்ணாடிபோல வேறு பக்கம் திருப்பும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கியதும் கருவியை இயக்கினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வில்லையில் பனி படியும். அரை மணி நேரம் வெளியில் வைத்து, அளவுத் தட்டில் சரிபார்த்துவிட்டே தொடங்க வேண்டும். கருவி தன் இடத்தை அறியப் பார்க்கும் குறிப்பொட்டுகளைக் கல்லில் ஒட்டவே கூடாது, சுற்றி நிறுத்தும் சட்டத்தில் ஒட்டுங்கள். பளபளப்பான உலோகத்துக்கு அடிக்கும் வெள்ளைத் தூளும் இங்கே ஆகாது. நேராக ஒருமுறை, இடமும் வலமும் சாய்த்து ஒவ்வொரு முறை என ஓட்டாவிட்டால் ஒடுங்கிய வெட்டின் ஓரச்சுவர்கள் நிழலில் தப்பிவிடும். நீளம் தெரிந்த 500 மில்லிமீற்றர் சட்டமொன்றைப் பக்கத்தில் வைத்துச் சேர்த்து அளங்கள். கோப்பில் அதன் நீளம் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் மாறினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் எடுத்த பட்டிகள் சரியாக இணையவில்லை; திரும்ப எடுக்க வேண்டியதுதான். வழிப்போக்கர் கண்ணில் லேசர் படாமல் பார்க்க ஒருவரை நிறுத்துவதும் அவசியம்.

பெரிய கேடு கணினியில்தான் நடக்கிறது. அழகாகத் தெரிய வேண்டுமென்று மென்பொருளை வழவழப்பாக்கச் சொன்னால் மேலோட்டமான கீறல் முதலில் அழியும். பழைய கல்வெட்டுகளில் 'ர' எழுத்தும் கால்குறியும் (ா) ஒன்றுபோலவே இருக்கும். மெய்யெழுத்தின் மேல் புள்ளியும் பெரும்பாலும் இராது. ஒரு சிறு பள்ளம் உளிபட்டதா, உப்பு அரித்ததா என்பது அதன் ஓரச்சரிவில்தான் தெரியும். அதையே மழித்துவிட்டால் அளந்து என்ன பயன்? ஓட்டைகளைத் தானாக நிரப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பிறகு திரையில் ஒளியைக் கல்லின் பரப்புக்கு 10 பாகைச் சாய்வு வரை பக்கவாட்டில் தாழ்த்தித் திருப்பிப் பார்த்தால், வெறும் கண்ணுக்குப் பிடிபடாத கோடுகளும் எழுந்து வரும். ஆனால் எழுத்துக்குள் சுண்ணாம்பு அடைந்திருந்தால் லேசர் சுண்ணாம்பைத்தான் அளக்கும்.

தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியோடு செய்ய வேண்டிய பணி இது. செய்விப்பவர்கள் வர்ணப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்திப்பட வேண்டாம். திருத்தாத மூலப் புள்ளிக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதன் பிரதியைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகத்துக்கும் கொடுத்தால், வாசிப்பில் ஐயம் எழும்போது யாரும் கோப்பைத் திறந்தே பார்க்கலாம்.

இப்படிக்கு,
அளவைத் தொழில் செய்வோர் சிலர்,
திருகோணமலை.