'வென்ட்' எங்கிருந்து வந்தது? ஆங்கில இலக்கணப் புத்தகம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் வினைச்சொல் அட்டவணையில் 'கோ, வென்ட், கான்' என்று ஒரு வரி வரும். பக்கத்திலேயே 'விதிக்கு அடங்காதது, மனப்பாடம் செய்க' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறீர்கள். 'கோ' எப்படி 'வென்ட்' ஆகும், ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே என்று பிள்ளை கேட்டால் 'அது அப்படித்தான்' என்கிறோம். ஆனால் அதற்குச் சரியான பதில் இருக்கிறது, நாலு வரியில் சொல்லிவிடலாம்.

'வென்ட்' வேறொரு வினையின் இறந்தகாலம். திரும்பு, வழி பார்த்துப் போ என்ற பொருளில் 'வெண்டு' என்று ஒரு சொல் இருந்தது. 'செண்டு' என்பது 'சென்ட்' ஆகிறதே, 'ஸ்பெண்டு' என்பது 'ஸ்பென்ட்' ஆகிறதே, அதே விதிப்படிதான் இதுவும் 'வென்ட்' ஆனது. 'கோ'வுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த இறந்தகால வடிவம் வழக்கொழிய, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்துப் பேச்சிலோ 'கோ'வுக்கே இறந்தகால ஈறு சேர்த்துக்கொண்டார்கள். அப்படியானால் 'கோயெட்' என்று எழுதும் பிள்ளை மக்கு இல்லை, விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளை. அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் பொருள். 'கோ' என்றால் 'போ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள், தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட எளிதாகச் சொல்லித்தர எத்தனை வழி இருந்தும். பால் கெட்டுப் போனது என்று நாம் சொல்வதுபோல அவர்களும் பால் 'வென்ட் பேட்' என்கிறார்கள். மழை பெய்யப் போகிறது என்பதுபோல 'கோயிங் டு ரெயின்' என்கிறார்கள். இரண்டு மொழியிலும் நடந்து போவதைக் குறித்த வினை எதிர்காலத்தையும் மாற்றத்தையும் குறிக்க வந்திருக்கிறது, இதைக் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்தது.

ஒத்துப்போகாத இடத்தையும் சொல்லுங்கள். 'நான் அங்கே போயிருக்கிறேன்' என்பதை 'ஐ ஹேவ் கான் தேர்' என்று எழுதுகிறோம். போய்த் திரும்பியவர் 'பீன்' என்றுதான் சொல்ல வேண்டும். இன்னும் வராதவருக்குத்தான் 'கான்'. தமிழில் இரண்டுக்கும் 'போயிருக்கிறார்' போதும் என்பதால்தான் இந்தத் தடுமாற்றம்.

அடுத்த பதிப்பில் அந்த 'மனப்பாடம் செய்க' இருக்கும் இடத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள். அரைப் பக்கம் போதும்.