மூன்று ஜெம் கிளிப்புகளுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஆண்டு படித்தவற்றில் எனக்குப் பிடித்த புத்தகங்களைப் பற்றி எழுதுவது வழக்கம். இந்த ஆண்டும் பட்டியல் எங்கே என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எழுத உட்கார்ந்தால் புத்தகத்தின் பெயருக்கு முன்னால், அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவரின் முகம் வந்து நிற்கிறது. சரி, இந்த முறை நன்றி மடலாகவே இருக்கட்டும்.

என் மகன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு 11 நாள். மின்விசிறியைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்து அறையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறான். கத்தட்டும். இரண்டு தடவை கேட்காத மாதிரி இருந்துவிட்டு மூன்றாவது தடவைதான் எழுந்து போகிறேன். அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதும் தெம்பு இப்போது இல்லை. ரத்தம் கொடுத்தவர்கள், என்னைத் தூங்க அனுப்பிவிட்டு நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள், மருந்துச் சீட்டோடு ஓடியவர்கள், கடன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இன்றுவரை கடனைப் பற்றி வாய் திறக்காதவர்கள், நான் எடுக்க மாட்டேன் என்று தெரிந்தும் தினம் ஒரு முறை போன் செய்தவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பெயர் சொல்லத் தொடங்கினால் யாராவது ஒருவர் விட்டுப்போவார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இந்த ஆண்டு நான் படித்த எந்தப் புத்தகத்தையும் நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் கையில் எது இருந்ததோ அதைப் படித்தேன். அதனால்தான் நாவல், தன்வரலாறு, மருத்துவக் கட்டுரை என்று எதற்கும் எதற்கும் சம்பந்தமில்லாமல் கிடக்கின்றன. தன்னம்பிக்கை நூல்கள் மட்டும் ஏழு வந்தன. கொடுத்தவர்களின் மனத்துக்கு நன்றி; நூல்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லியே தீர வேண்டியது ஒன்று உண்டு.

என் கடைசி இரண்டு புத்தகங்களுக்குப் புரூஃப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பல வயது இளையவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்களுக்குள் பழக்கம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஆறு ஆண்டுகளில் பேசியதெல்லாம் ஒற்று மிகுமா மிகாதா என்பது பற்றித்தான். ஒருமுறை ஒரு ‘க்’குக்காக அரை மணி நேரம் சண்டை போட்டோம். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். மறுநாள் அகராதியைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அதைக்கூட அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மோசமான வாரத்தில் அவரிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் வங்க எழுத்தாளர் தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. த. நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பு. அட்டை தளர்ந்த, ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள் உள்ள அவருடைய சொந்தப் பிரதி. முதலில் எனக்குச் சுருக்கென்றது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு, மரணத்தையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு நாவலை யாராவது அனுப்புவார்களா?

அப்புறம்தான் கவனித்தேன். மூன்று இடங்களில் பக்கங்களைச் சேர்த்து ஜெம் கிளிப் போட்டிருந்தார். முன்பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் இப்படி இருந்தது:

“சார், கிளிப் போட்ட பக்கங்களை இப்போது படிக்க வேண்டாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு போன பிறகு எடுத்துவிடுங்கள். இதை அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜீவன் மஷாய் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நல்லது என்று தோன்றியது.”

இன்னொரு சீட்டில், விட்டுப்போகும் பக்கங்களால் கதை அறுந்துவிடாமல் இருக்க, அவற்றின் சாரத்தை நான்கு நான்கு வரியாக எழுதியிருந்தார். அந்த வரிகளில் ‘மரணம்’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

நாவலைப் படித்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் எவை என்று இந்நேரம் தெரிந்திருக்கும். நாடி பிடித்துப் பார்த்தே ஒருவருக்கு இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடக்கூடிய வைத்தியர் ஜீவன் மஷாய். அவர் தன் சொந்த மகனின் கையையும் பிடித்துப் பார்க்கிறார். எனக்கும் தெரியும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே நான் இந்த நாவலைப் படித்திருக்கிறேன். புத்தகம் அனுப்பிய தம்பிக்கு இது தெரியாது, நானும் இதுவரை சொல்லவில்லை. கிளிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஏறக்குறைய வரி வரியாகத் தெரிந்தும், அவர் சொன்னபடி தாண்டித் தாண்டிப் படித்தேன். அவர் எழுதிய நான்கு வரிகளை மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய நாவலை ஒருவர் முதல் பக்கத்திலிருந்து திருப்பியிருக்கிறார். இந்தப் பக்கம் இவரை என்ன செய்யும், இந்த வரி என்ன செய்யும் என்று என் கண்ணை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். பிழை தேடித் தேடிப் பழகிய கண், எனக்கு எங்கே வலிக்கும் என்று தேடியிருக்கிறது. ஒற்றுக்காகச் சண்டை போட்ட அதே மனிதர், அந்தச் சீட்டில் ‘வீட்டுக்கு’ என்று எழுதிவிட்டு ‘ப்’ போட மறந்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான், வந்து சேர்ந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக, வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அவர் நினைத்தது சரிதான். ஜீவன் மஷாய் பக்கத்தில் இருந்தது நல்லதாகவே இருந்தது. 1953இல் வந்து, 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இது. பொதுவாக இதைப் பழைய நாட்டு வைத்தியத்துக்கும் புதிய ஆங்கில மருத்துவத்துக்கும் நடக்கும் மோதல் என்று சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் படித்தேன். கிழவரின் பக்கம் நின்று, இளம் டாக்டர் பிரத்யோத்தைத் திட்டிக்கொண்டே படித்த ஞாபகம். இந்த முறை பிரத்யோத்தின் மேல் ஒரு சொல் கோபம் வரவில்லை. ‘நாள் குறிக்காதே, போராடு’ என்று நிற்கிற அந்த ஆள்தான் எங்களுக்கும் வேண்டியிருந்தது. அதே நேரம், போராட்டம் நடக்கும் அறைக்கு வெளியே காத்திருப்பவனோடு உட்கார ஒரு கிழவரும் வேண்டியிருந்தது. நாவலில் ஒரு புராணக் கதை வரும். மரணம் என்பவள் கண்ணும் காதும் இல்லாதவள், அவளை நோய்கள்தான் கைபிடித்துக் கூட்டிவருகின்றன. யார் வீடு என்று அவளுக்குத் தெரியாது, யார் அழுகையும் கேட்காது. எனக்கு ஏனோ இது ஆறுதலாக இருந்தது. எங்களைத் தேடி வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் கிழவர் தன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் இடத்தைப் படித்த அன்று, பார்வை நேரத்தில் உள்ளே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். எனக்கு நாடி சாஸ்திரமா தெரியும்? தலைமாட்டில் இருந்த திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்காமல் நானாக எண்ணினேன். எண்ணிக்கை தப்பிப்போனது. பரவாயில்லை என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மலையாள எழுத்தாளர் பஷீரின் ‘மதில்கள்’, சுகுமாரன் மொழிபெயர்ப்பில். தெரிந்தவரின் மகள், கல்லூரி மாணவி, தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரே இருப்பில் முடிந்துவிடும் சின்ன நூல். சிறையில் மதிலுக்கு இந்தப் பக்கம் பஷீர், அந்தப் பக்கம் நாராயணி. முகம் தெரியாது. அவள் வந்திருக்கிறாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எறியப்படும் ஒரு காய்ந்த சுள்ளி. அந்த வாரம் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் என்னை நிற்க விட்டார்கள். அவன் போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். இதற்கு மேல் இந்த நூலைப் பற்றி எழுதினால் அழுதுவிடுவேன்.

டாக்டர் நண்பர் கொடுத்தது அதுல் கவாண்டேயின் ‘தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ’. 2009இல் வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தயாரான 19 அம்சப் பட்டியலின் கதை. எட்டு ஊர்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது பெரிய சிக்கல்கள் 36 சதவீதமும் மரணங்கள் 47 சதவீதமும் குறைந்தன. அறுவை அறையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதும் அந்தப் பட்டியலில் ஒன்று. இதைப் படிப்பதற்கு முதல் வாரம்தான், “பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன்” என்று நான்காவது தடவையாகக் கேட்ட செவிலியரிடம் நான் எரிந்து விழுந்திருந்தேன். படித்து முடித்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு சார்?” என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை.

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ எப்படி என் பைக்குள் வந்தது என்று தெரியவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். 1886இல் எழுதிய கதையில், எஜமானரின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் வேலையாள் கெராசிம், எங்கள் வார்டில் இரவுப் பணியில் இருந்தார். அவர் புரட்டிப் படுக்க வைத்தால் மட்டும் அவன் முனகமாட்டான். அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்களோ என்னவோ, உங்களுக்கும்தான் இந்த மடல்.

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நீண்ட நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்த்தே என் மனைவியின் அண்ணன் கொண்டுவந்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோன நூல். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், 122 முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று எனக்கு நானே பந்தயம் கட்டினேன். 97இல் வீட்டுக்கு வந்துவிட்டோம்! ஆனால் நடுவில் ஒரு நாள் சிக்கிக்கொண்டேன். ஐயருக்குத் தமிழ் கற்பித்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கடைசி நேரத்தில், அவர் கேட்டபடி ஐயர் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்கிற இடம். அந்தப் பக்கத்துக்கு யாரும் கிளிப் போட்டு வைக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, இரண்டு நாள் திறக்கவில்லை.

அன்றைக்கு ஒன்று நினைத்துக்கொண்டேன். இதுவரை எத்தனையோ பேருக்குப் புத்தகம் பரிசளித்திருக்கிறேன். எனக்குப் பிடித்ததா என்றுதான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். வாங்கிக்கொள்பவர் அன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறார் என்று ஒருமுறைகூடப் பக்கம் புரட்டிப் பார்த்ததில்லை. மனைவியை இழந்த நண்பருக்கு நான் கொடுத்த நாவலை இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், பாவம். இனி யாருக்குப் புத்தகம் கொடுத்தாலும் ஒரு தடவை அவருக்காகப் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். ஜெம் கிளிப் ஒரு பெட்டி வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன்.

தம்பி, உங்கள் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த அன்றே முதல் கிளிப்பை எடுத்தேன், நேற்று இரண்டாவதை. மாதக்கணக்கில் பையில் கிடந்ததில் தாளில் லேசாகத் துரு அடையாளம் விழுந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். மூன்றாவதில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் கொடுங்கள், அப்புறம் நானே நேரில் வந்து தருகிறேன். அந்த ‘க்’ விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.

துண்டுச் சீட்டு மட்டும் திரும்பி வராது. அந்த ‘ப்’பையும் நான் போடப் போவதில்லை.