சமணக் கோயில்களில் இயக்கியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு நாட்டில் விசயமங்கலம், சீனாபுரம், வெள்ளோடு, திங்களூர், பூந்துறை ஆகிய ஊர்களின் சமணக் கோயில்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சமணர் வணங்கும் அருகராகிய தீர்த்தங்கரரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சமணக் கோயிலில் பெண் தெய்வத்தைக் கண்டால், பிற்காலத்தில் பிற சமயத்தார் கொண்டுவந்து வைத்தது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடும் பழக்கமும் இருக்கிறது. இது சரியன்று.

தீர்த்தங்கரர் விருப்பு வெறுப்பு நீங்கியவர். வேண்டுவார் வேண்டுவதைத் தருவது அவர் செயலன்று. பிள்ளைப்பேறு, நோய், பகை என்று இல்லறத்தார்க்குள்ள குறைகளை முறையிட, தீர்த்தங்கரரின் காவல் தேவியரான இயக்கியரே இருந்தனர். 24 தீர்த்தங்கரர்க்கும் ஆளுக்கொரு இயக்கியை மரபு வகுத்திருக்கிறது: நேமிநாதருக்கு அம்பிகை என்னும் கூஷ்மாண்டினி, பார்சுவநாதருக்குப் பத்மாவதி, விசயமங்கலத்து மூலவராகிய சந்திரப்பிரபருக்குத் திகம்பர மரபுப்படி (துறவியர் ஆடை துறக்கும் சமணப் பிரிவு) சுவாலாமாலினி. பெண் பிறவியில் வீடுபேறு இல்லை என்று வாதிட்ட திகம்பரரே இத்தேவியரைப் போற்றினர் என்பது எனக்கு முரணாகவே படுகிறது. இயக்கியரும் பிறவிச் சுழலுக்கு உட்பட்டவர்களே என்று அவர்கள் அதற்கு விளக்கம் கூறுவர்.

இவ்வழிபாடு நேற்று வந்ததன்று. சிலப்பதிகாரத்தில், மதுரைக்குப் புறத்தே அறவோர் வாழ்ந்த இடத்தில், பூங்கண் இயக்கிக்குப் பால்மடை (பாற்சோற்றுப் படையல்) கொடுத்துத் திரும்பும் ஆயர் முதுமகள் மாதரியிடந்தான் சமணத் துறவியான கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவ்வழிபாட்டில் அவர் குற்றம் ஏதும் காணவில்லை.

கொங்குக்கும் இதில் தொடர்பு உண்டு. கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையை எடுத்த படைத்தலைவர் சாமுண்டராயரின் தங்கை புளியப்பை உண்ணா நோன்பிருந்து உயிர்துறந்ததை நினைவுகூரும் கல்வெட்டு விசயமங்கலக் கோயிலில் இருக்கிறது. அந்தச் சாமுண்டராயர் குடங்குடமாகப் பால் சொரிந்தும் சிலை முழுதும் நனையாதிருக்க, மூதாட்டி ஒருத்தி சிறு காய்க்குடுவைப் பாலால் அதை நனைத்து அவருடைய செருக்கை அடக்கினாள் என்றும், அவள் கூஷ்மாண்டினியே என்றும் சிரவணபெளகொளாவில் கதை வழங்குகிறது. பெரும்படைத் தலைவனுக்குப் பாடம் புகட்டத் தேவியைத் தேர்ந்த மரபில், அவளுடைய இடம் சிறியதாக இருந்திருக்க முடியாது.

ஆகவே, தங்கள் நாளிதழில் இக்கோயில்களின் படங்களை வெளியிடும்போது, 'அம்மன் சிலை' என்று பொதுவாகக் குறிக்காமல் அடையாளம் பார்த்துப் பெயரிட வேண்டுகிறேன். சிங்கமும் மாங்கொத்தும் பிள்ளைகளும் சேர்ந்திருந்தால் அம்பிகை. தலைக்குமேல் நாகப்படம் இருந்தால் பெரும்பாலும் பத்மாவதி. கோயில் வாயில்களில் வைக்கும் தகவல் பலகைகளிலும் தீர்த்தங்கரர் பெயருக்கு அடுத்து அவருடைய இயக்கியின் பெயரையும் எழுதலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெருந்துறை.