முட்டையைத் திருப்புவது கோழியின் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலரில், அடைக்கோழியை வைத்துக் குஞ்சு பொரிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் ஆசையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் முட்டையை ஈரத்துணியால் துடைத்து வையுங்கள், தினமும் மூன்று முறை கையால் திருப்புங்கள், 18ஆம் நாள் தண்ணீர் தெளியுங்கள், 21ஆம் நாள் ஓட்டை உடைத்துக் குஞ்சுக்கு உதவுங்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். திருப்புவதும் ஈரம் காட்டுவதும் இன்குபேட்டருக்கு, அதாவது குஞ்சு பொரிக்கும் இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டியவை. இயந்திரத்துக்கு அலகு இல்லை, அதனால் நாம் திருப்பிக் கொடுக்கிறோம். கோழிக்கு அலகு இருக்கிறதே! துடைப்பதும் உடைப்பதும் எதற்குமே ஆகாது.

நான் தையல் வேலை செய்கிறவள். இருபது வருடமாகக் கோழியும் வளர்க்கிறேன். அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில்தான் என் அடைக் கணக்கும் இருக்கிறது. முதல் வரி இப்படி: 'வைத்தது 12, இருந்தது 17, பொரித்தது 2.'

12 எப்படி 17 ஆனது என்று கேட்பீர்கள். மற்றக் கோழிகள் இடும் கூட்டிலேயே அடைக்கு விட்டிருந்தேன். அடைக்கோழி இரை தின்ன இறங்கும்போதெல்லாம் இன்னொன்று ஏறி ஒன்றை இட்டுவிட்டுப் போயிருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை முட்டை, எது எந்த நாள் முட்டை என்று எனக்குத் தெரியவில்லை. போதாததற்கு, இரண்டு முறை அடைக்கோழியே குழம்பிப்போய்ப் பக்கத்துக் கூட்டில் உட்கார்ந்திருந்தது. 21ஆம் நாள் இரண்டு குஞ்சுகள் வந்தன. ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் கூட்டிக்கொண்டு கோழி இறங்கிவிட்டது. மீதி முட்டைகள் ஆறிப்போயின. நான்கைந்தை உடைத்துப் பார்த்தேன். உள்ளே முழுக் குஞ்சு, கால் நகம் வரைக்கும் வந்திருந்தது. அன்று நான் மெஷினில் உட்காரவே இல்லை.

அதற்கப்புறம் அடைக்கென்று தனி இடம். தரையோடு ஒரு மரப்பெட்டி, அடியில் ஈரமில்லாத மண்ணைத் தட்டி நடுவில் லேசாகக் குழித்து, மேலே வெயிலில் காய்ந்த வைக்கோல். குழி இல்லாவிட்டால் முட்டை மூலைக்கு உருண்டு போய்க் குளிர்ந்துவிடும். ரொம்ப ஆழமாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். வைக்கிற முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் சுற்றி ஒரு கோடு. கோடு இல்லாத முட்டை தெரிந்தால் அன்றே எடுத்துவிடுவேன்.

கோழி உண்மையாகவே அடைக்கு வந்துவிட்டதா என்பதைப் பகலில் பார்த்தால் தெரியாது. சில கோழிகள் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் மற்றவற்றோடு அடையப் போய்விடும். இரவில் கையை அடியில் விட்டுப் பாருங்கள். எழுந்து ஓடாமல் உடம்பை இரண்டு மடங்காக உப்பி, கரகரவென்று உறுமி, கையைக் கொத்தினால் சரி. நெஞ்சுக்கடியில் இறகு உதிர்ந்து, தோல் கதகதவென்று விரலில் படும். அப்போதும் நான் அவசரப்பட மாட்டேன். இரண்டு இரவு பிளாஸ்டிக் பந்துகளை வைத்து உட்கார வைப்பேன். இருட்டில் தூக்கிப் புது இடத்தில் வைத்தால் அமைதியாக இருக்கும், பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். மூன்றாம் இரவு பந்தை எடுத்துவிட்டு எல்லா முட்டைகளையும் ஒரே சமயத்தில் உள்ளே தள்ளுவேன். இன்று நாலு, நாளை மூன்று என்று சேர்த்தால் என் 17 கதைதான். உட்கார வைக்கும் முன்பே இறகைப் பிரித்துப் பேன், செள் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கடி தாங்காமல் பாதியில் எழுந்து போன கோழியையும் பார்த்திருக்கிறேன்.

முட்டை விஷயத்தில் கட்டுரை சொல்லாமல் விட்ட பெரிய சங்கதி, சேவல். சேவலோடு சேராத கோழியின் முட்டையை மாதக் கணக்கில் வைத்தாலும் கூமுட்டைதான். எட்டு, பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். எடுத்து வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாகக் கூடாது, ஃப்ரிட்ஜில் வைக்காமல் குளிர்ச்சியான மூலையில் கூர்முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். ஈரத்துணி மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றை மூடி ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. துடைத்தால் அது போய்விடும், ஈரத்தோடு கிருமி உள்ளே இறங்கும். அழுக்கு அதிகமுள்ள முட்டையை அடைக்கு ஒதுக்குவதே நல்லது.

திருப்பும் விஷயத்துக்கு வருகிறேன். என் பென்சில் கோடு இதற்கும் உதவியது. காலையில் கோழி இறங்கியபோது, நடுவில் இருந்த மூன்று முட்டைகளை நினைவில் வைத்துக்கொண்டேன். மறுநாள் அதே மூன்றும் ஓரத்தில் இருந்தன, கோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் நின்று பார்த்தால் அது செய்வதும் தெரியும். லேசாக எழுந்து, கழுத்தை வளைத்து, முட்டைக்கு அந்தப் பக்கம் அலகைக் கொடுத்து நெஞ்சை நோக்கி இழுக்கும். அப்புறம் அப்படியும் இப்படியும் அசைந்து மறுபடி படியும். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. இதில் நாம் போய் மூன்று முறை என்ன திருப்பிக் கொடுப்பது?

நாளுக்கு ஒருமுறை பத்திருபது நிமிடம் அது இறங்கும். தின்னும், குடிக்கும், நாற்றமெடுக்கும் பெரிய எச்சம் ஒன்று போடும், மண்ணில் புரளும். முட்டை ஆறிவிடுமே என்று பதற வேண்டாம், அந்த நேரத்தைக் கரு தாங்கும். சில கோழிகள் பிடிவாதமாக இறங்காது. அப்போது நாமே தூக்கி இறக்க வேண்டும். ஆனால் முதலில் இறக்கைக்கு அடியில் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். நான் தடவாமல் தூக்கிய அன்று அது இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தது.

ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்திக் கால் போலச் சிவப்பு நரம்பு பிரிந்து ஓடினால் கரு இருக்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். 14ஆம் நாள் இன்னொரு முறை. அதோடு சரி. 18க்கு மேல் நான் பெட்டிக்கு அருகில் தீனி தண்ணீர் வைக்க மட்டும்தான் போவேன். தெளிப்பதற்கென்று ஒரு நாளும் தண்ணீர் கொண்டு போனதில்லை.

ஓட்டை உடைக்கச் சொன்ன அந்தக் கடைசி ஆலோசனைதான் எனக்கு வயிற்றெரிச்சல். 20ஆம் நாள் வாக்கில் முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று கேட்கும், கோழி அடித்தொண்டையில் பதில் சொல்லும். பிறகு ஓட்டில் ஒரு சின்ன விரிசல். அந்த விரிசலிலிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள் கூட ஆகலாம். நடுவில் அது சும்மா இருப்பது போலத் தெரியும், சும்மா இல்லை. மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, சவ்வின் ரத்தக்குழாய்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. எனக்கு அது தெரியாத காலத்தில், பாவம் தவிக்கிறதே என்று நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன். சவ்வு கிழிந்து ரத்தம் வந்தது. மஞ்சள் கரு வயிற்றுக்கு வெளியே பட்டாணி அளவு தொங்கியது. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டாம். அந்த மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும், அதனால்தான் பிந்தி வருகிற குஞ்சுகளுக்காகத் தாயால் காத்திருக்க முடிகிறது. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும், நாலு கூழாங்கல் போட்டுவிடுங்கள், விழுந்தாலும் மூழ்காது.

இதை எழுதும்போது என் மொட்டைவால் கோழிக்கு 19ஆம் நாள். 11 வைத்து, இரண்டைக் கழித்து, இப்போது 9 முட்டை அடியில் இருக்கிறது. ஒன்றை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். திருத்தம் போடுவதாக இருந்தால் அடுத்த ஞாயிறு வரை வைக்காமல் நாளைக்கே போடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் இந்நேரம் கோழியைத் தள்ளிவிட்டு முட்டையைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, தையல்காரி