கிளாரினெட்டில் உள்ள பெயர் செய்தவர் பெயர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கிளாரினெட் என்ற ஊதுகுழல் ஒன்று கிடைத்ததும் பெல்லில் (கீழ்முனையில் விரிந்த வாய்ப்பகுதியில்) உள்ள பெயரைப் படித்து, அவர்தான் செய்தவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது விற்றவரின் பெயராகவும் இருக்கலாம். பிரான்சின் லா கூத்யூர்-பூசே, ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷென் ஊர்ப் பட்டறைகள் செய்துகொடுத்தவற்றில் வெளிநாட்டு வியாபாரிகள் தங்கள் முத்திரையைக் குத்தி ஏராளமாக விற்றார்கள்.

எந்த வகை என்று அறிய, முதலில் ரிங்குகளை (விரல் துளைகளைச் சுற்றிய உலோக வளையங்களை) எண்ணுங்கள். 6 ரிங், 17 கீ (துளைகளை மூடித் திறக்கும் உலோக விசைகள்) இருந்தால் போம் முறை என்ற விசை அமைப்பு. கிளாரினெட் கலைஞர் குளோசேயும் கருவி செய்பவர் பூஃபேயும் உருவாக்கி 1844இல் காப்புரிமை பெற்றது. 13 கீ, கீழ்த் துண்டில் 2 ரிங் என்றால் ஆல்பர்ட் எனப்படும் எளிய முறை. இது 20ஆம் நூற்றாண்டிலும் தயாரானதால், இதை மட்டும் வைத்து வயதைக் கணிக்க முடியாது. கீகள் உலோகத் தூண்களில் இல்லாமல், மரத்திலேயே விட்ட மேடுகளில் பொருந்தியிருந்தால் கருவி மிகப் பழையது.

அதிகம் ஏமாறும் இடம் சுருதி. 'எச்.பி.' (ஹை பிட்ச்) என்ற முத்திரை உயர்சுருதியைக் குறிக்கும். அதில் ஏ சுரம் 452 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேல். இன்றைய 440உடன் ஒப்பிட்டால் ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி கூடுதல். முத்திரை இல்லாவிட்டால் மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனையை) கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். சாதாரண பி-ஃபிளாட் கருவி 60 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவோ ஒட்டியோ இருக்கும். உயர்சுருதிக் கருவி அதைவிடச் சுமார் 2 செ.மீ. குட்டை. பேரலை (மவுத்பீஸுக்கு அடுத்துள்ள குட்டைத் துண்டை) வெளியே இழுத்து இதைச் சரிசெய்யலாம் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். இழுத்தால் மேல் துளைகளின் சுரங்கள் அதிகமாக இறங்கும், கீழ்த் துளைகளுடையவை குறைவாக இறங்கும். சுரங்களுக்கிடையே உள்ள பொருத்தமே கெட்டுவிடும். பயிற்சிக்கு வாங்குபவர்கள் இதைச் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மேல், கீழ்த் துண்டுகளின் வரிசை எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறானால் இரண்டு கருவிகளின் துண்டுகள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பேரலும் மவுத்பீஸும் அடிக்கடி மாற்றப்படுபவை. அவற்றிலுள்ள பெயரைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எண்ணிட்டதால், செய்தவர் யாரென்று உறுதியான பிறகே எண்ணை வைத்து ஆண்டு தேட வேண்டும்.

மங்கிய முத்திரையைப் படிக்க, இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். உப்புத்தாள், பாலிஷ் இரண்டும் கூடவே கூடாது. தேய்ந்துபோன முத்திரையை யாராலும் மீட்க முடியாது. கருவியைத் தண்ணீரில் கழுவவும் வேண்டாம்: மரம் வெடிக்கும். எபோனைட் (கடின ரப்பர்) உடலாக இருந்தால் வெந்நீர் பட்டாலே நிறம் பழுப்பாகிவிடும்.

இப்படிக்கு,
காற்றிசைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வாசகர்