ராஜா சொன்னாலும் தலையாட்டாத ஜட்ஜ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

லெபோ லைட்ல இருக்கற நம்ம ஹைகோர்ட்ட தாண்டி போறப்பல்லாம் எனக்கு 400 வருஷத்துக்கு முன்ன இங்கிலாந்துல ஜட்ஜா இருந்த எட்வர்ட் கோக் ஞாபகம்தான் வரும். 1807ல சார்ட்டர் (ராஜாவோட சாசனம்) மூலமா பினாங்குக்கு வந்து இறங்குன இங்கிலீஷ் சட்டத்துல அந்த மனுஷன் கை நிறையவே இருக்கு, ஆனா நம்ம பசங்க எத்தன பேருக்கு தெரியும்னு பாருங்க.

ஆள் ஒண்ணும் புத்தர் இல்ல. 1603ல அட்டர்னி ஜெனரலா, அதாவது அரசாங்கத்தோட தலைமை வக்கீலா இருந்தப்ப, ராஜதுரோக கேஸ்ல நின்ன கடலோடி வால்டர் ராலேய கோர்ட்லயே பாம்பு, துரோகின்னு திட்டி, மரியாதை இல்லாம "நீ, வா, போ"ன்னு பேசுனவருதான், படிச்சப்ப எனக்கே முகம் சுளிச்சுது. அதே ஆள் ஜட்ஜ் ஆனதும் அப்படியே மாறிட்டாரு. 1616ல ஜேம்ஸ் ராஜா 12 ஜட்ஜையும் கூப்ட்டு, நான் நிறுத்துன்னா கேஸ நிறுத்துவீங்களான்னு கேட்டப்ப மத்த 11 பேரும் சரின்னுட்டாங்க, இவரு மட்டும் அப்ப ஒரு ஜட்ஜ் என்ன செய்யணுமோ அத செய்வேன்னாரு, அந்த வருஷமே வேல போச்சு. அப்புறம் லண்டன் டவர் ஜெயிலு, அதுக்கும் அடங்காம 70 வயசு தாண்டி 1628ல ராஜாவோட அதிகாரத்துக்கு வரம்பு கேட்ட பெட்டிஷன் ஆஃப் ரைட்டுக்கு பார்லிமெண்ட்ல முன்ன நின்னாரு.

உங்க ஞாயிறு மாணவர் பக்கத்துல இவர பத்தி ஒரு அரை பக்கம் போடுங்களேன், சினிமா நியூஸ கொஞ்சம் கொறச்சாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுன் வாசகர்